கண்மாய்க் கரையில் வாய் திறக்காதவர்

காரைக்குடி டெலிபோன் ஆபீஸில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவின் குரலுக்கு ஊரில் பாதிப் பேர் அடிமை. அந்தப் பாதிப் பேரில் ஒருவருக்கும் அவரைத் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாது. அப்படியே இருக்கட்டும் என்றுதான் அவரும் ஆசைப்பட்டார்.

அறுபதுகளின் கடைசி அது. போனை எடுத்து நாமே நம்பரைச் சுழற்றுகிற வசதியெல்லாம் எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. யார் எடுத்தாலும் எங்கள் போர்டில் ஒரு சின்ன விளக்கு எரியும். வயரைச் செருகி, "நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு, இன்னார் வீட்டை இன்னார் கடையோடு சேர்த்துவிடுவோம். நான் உள்ளூர் போர்டு. அக்கா டிரங்க் போர்டு. மெட்ராஸ், மதுரை, திருப்பத்தூர், தேவகோட்டை என்று வெளியூர்ப் பேச்செல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். நான் தேவகோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள், வேலைக்குச் சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. வாய் கொஞ்சம் நீளம். குரல் கரகரவென்று இருக்கும். "அந்த இன்னொரு அம்மா இல்லையா?" என்று என்னிடமே கேட்பார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா டூட்டிக்கு வந்ததும் முதல் வேலையாக உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பார். மிளகும் பனங்கற்கண்டும் போட்ட ஒரு டப்பா எப்போதும் கைப்பையில் இருக்கும். சோடா, ஐஸ் தண்ணீர் எதையும் தொடமாட்டார். ஹெட்செட்டை மாட்டியவுடன் கண்ணை மூடிக்கொள்வார். கை தானாக வயரைத் தேடிச் செருகும். "பேசுங்க" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், சொத்துச் சண்டைக்காக போனை எடுத்தவன்கூட ஒரு நிமிடம் சாந்தமாகிவிடுவான். எனக்கே சில நாள் பொறாமையாக இருக்கும்.

முகம் வேறு கதை. சின்ன வயதில் பெரியம்மை போட்டுக் கன்னம், நெற்றி, மூக்கு எல்லாம் தழும்பு. இடது புருவம் பாதியோடு நின்றுபோயிருந்தது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். செக்காலைப் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டில் தனியாகக் குடியிருந்தார். "குரலுக்கு வயசும் கெடையாது, தழும்பும் கெடையாது" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

கடைவீதிக்கு என்னோடு வந்தாரானால் வாயே திறக்கமாட்டார். கத்திரிக்காய் வேண்டுமென்றால் என் இடுப்பில் இடிப்பார். நான் பேரம் பேச வேண்டும். விலை கட்டவில்லையென்றால் இன்னொரு இடி. "என்னக்கா, மாட்டைப் பத்துற மாதிரி இடிக்கிறீக?" என்று கேட்டால் கண்ணால் சிரிப்பார். ஆனால் காது மட்டும் சும்மா இருக்காது. கூட்டத்தில் யாராவது தும்மினால் போதும், என் காதருகில் குனிந்து, "அந்தா, அந்த வெள்ளைச் சட்டை, நாப்பத்தேழாம் நம்பரு. நெல்லு மண்டி. தம்பியோட பேச்சு வார்த்தை இல்ல, பாவம்" என்பார். உடனே, "கேட்டதை மறந்துரு" என்றும் சொல்வார். ஊர்க்காரர்களின் சண்டை, சமாதானம், கல்யாணப் பேச்சு, நோய் எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் காய்ச்சலில் கிடந்தால் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஏன் அப்படி வாயைக் கட்டிக்கொண்டார் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான் சேர்வதற்கு முன்னால் ஒருநாள் சந்தையில், "என்ன வெலை?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டாராம். பக்கத்தில் நின்ற ஒரு பெரிய மனிதர், "அடடே! டெலிபோன் ஆபீஸ் அம்மாவுல்ல! இந்தக் குரலை எங்க கேட்டாலும் சொல்லிருவேனே!" என்று முகமெல்லாம் மலரத் திரும்பியிருக்கிறார். அக்காவைப் பார்த்திருக்கிறார். மலர்ந்த முகம் அப்படியே இறங்கிப்போயிற்றாம். "வேற ஒண்ணும் இல்ல. ஒரு நொடிதான். அதுக்கப்பறம் நல்லாத்தான் பேசுனாரு. ஆனா எறங்குனது எறங்குனதுதானே?" என்றார் அக்கா.

சந்தையில் நடந்ததைத்தான் நான் பார்க்கவில்லை. அல்வாக்காரனைப் பார்த்தேன். ஜவுளிக்கடை முதலாளி ஒருவரின் மகன். தினமும் மெட்ராஸுக்கு ஒரு கால் போடுவான். வேலையே இல்லாமல் போடுகிறான் என்று எங்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு முதல் நாள் அல்வாப் பொட்டலத்தோடு நேரே ஆபீஸுக்கே வந்துவிட்டான். சட்டையில் சென்ட் வாசனை. அக்கா நாற்காலியில், நான் பக்கத்தில். அவன் கண் அக்காவைத் தாண்டி என்மேல் வந்து நின்றது. "நீங்கதானா அது?" என்று குழைந்தான். நான் வாயைத் திறந்தேன். "ஆமா, நாந்தான். என்னா வேணும்?" கரகரவென்று வந்த குரலைக் கேட்டதும் பாவம், பயந்தேபோனான். பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கியவன் அதற்குப் பிறகு கால் போடுவதையே குறைத்துக்கொண்டான். அன்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அல்வாவை மட்டும் தொடவில்லை. முழுப் பொட்டலத்தையும் நானே தின்றேன்.

படம் பார்க்கப் போனால் விளக்கணைந்த பிறகுதான் கொட்டகைக்குள் போவார். 'சுபம்' போடுவதற்கு முன்னால் எழுந்துவிடுவார். பண்டிகை நாளென்றால் எல்லோருடைய டூட்டியையும் அவரே வாங்கிக்கொள்வார். "நீங்க வீட்டுல பிள்ளை குட்டியோட இருங்கத்தா. எனக்கு யாரு காத்துக்கிட்டிருக்கா?" என்பார். சொல்லும்போது குரல் கலங்காது. கலங்கினால் அது அக்காவின் குரல் இல்லையே.

ஆனால் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். ஆபரேட்டரும் ஆபரேட்டரும் பெயர் சொல்லிக்கொள்வதில்லை. ஊர்தான் பெயர். "ஹலோ திருப்பத்தூர்." "சொல்லுங்க காரைக்குடி." காலையில் லைன் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதில் தொடங்கி, இரண்டு கால்களுக்கு நடுவில் ஒன்றிரண்டு வார்த்தைகளாக, அந்தத் திருப்பத்தூர்க்காரரும் அக்காவும் பல வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பெயரும் தெரியாது. அவருக்கு மனைவி இறந்து வெகுகாலம். பிள்ளை கிடையாது. திருப்பத்தூரை ஒட்டி ஒரு கண்மாய்க்கரைக் கிராமத்தில் இருந்துகொண்டு சைக்கிளில் டூட்டிக்கு வருகிறவர். பண்டிகை நாளில் அந்தப் பக்கம் டூட்டியை வாங்கிக்கொள்கிறவரும் அவர்தான்.

ஒரு தீபாவளிக்கு இரண்டு ஊரிலும் காதைப் பிளக்கிற வெடி. லைனில் ஒன்றும் கேட்கவில்லை. அப்போது அவர் சொன்னாராம்: "எங்க ஊருல இன்னைக்கு ஒரு வெடி போடமாட்டாக, காரைக்குடி. கண்மாய்க்குள்ள பறவை கூடு கட்டியிருக்கும். மெரண்டுறக் கூடாதுன்னு பிள்ளைகளுக்கு மத்தாப்புக்கூட வாங்கிக் குடுக்கிறதில்ல. கல்யாணம்னாலும் கொட்டு மேளத்தை ஊருக்கு அங்குட்டே நிறுத்திருவாக." அக்கா அதை என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னார். இப்படியும் ஒரு ஊரா என்று நானும் வாயைப் பிளந்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழையில் கண்மாய் பெருகியதும், காலை லைனில் அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "வந்துருச்சு." அவ்வளவுதான். அன்று முழுக்க அக்காவின் முகத்தில் ஒரு களை.

"என்னக்கா வந்துருச்சு?"

"நாரை."

"நாரையா? எங்க வயல்ல நிக்கிதே, அதுவா?"

"போடி. அது வேற, இது வேற. இதுக்கு அலகை மூடினாலும் நடுவுல சந்து இருக்கும். நத்தையைக் கொத்தித் திங்கும். கருவேல மரம் பூராவும் கூடு. தை மாசம் பாக்கணும், அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா, சிறகி... மரமே தெரியாதாம்."

நேரில் பார்த்ததுபோல் சொல்வார். ஒன்றையும் பார்த்ததில்லை. எல்லாம் காதால் பார்த்ததுதான். "வந்து பாருங்க காரைக்குடி" என்று அவர் வருஷா வருஷம் கூப்பிடுவார். "ஆகட்டும்" என்று அக்கா வருஷா வருஷம் தள்ளிவிடுவார்.

ஒரு வருஷம் மார்கழியில் அவர் சொன்னது வேறு: "எனக்கு மாத்தல் வந்துரும்போல இருக்கு. வடக்க எங்கிட்டோ. இந்த வருஷமாச்சும் வாங்க. ஞாயித்துக்கெழம காலைல கரையில நிப்பேன். உங்கள எனக்குத் தெரியாட்டியும் நீங்க ஒரு வார்த்தை பேசுனாப் போதும், கண்டுபிடிச்சிருவேன்."

இதைச் சொல்லிவிட்டு அக்கா மிளகு டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நான் சும்மா இருப்பேனா? "போங்கக்கா. இதை விட்டா அப்பறம் ஏது? ரெண்டு பேரும் ஒண்டிக்கட்டை. நான் வேற வெளக்கமாச் சொல்லணுமா?" என்றேன். அடிக்கக் கையை ஓங்கினார். அடிக்கவில்லை. டப்பாவைக் கைப்பையில் போட்டுவிட்டு, "நீயும் வாரியா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் அக்கா எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். சேலை மண் நிறம். பளிச்சென்று உடுத்தினால் பறவை மிரளும் என்று திருப்பத்தூர்க்காரர் எப்போதோ சொன்னாராம். ஆனால் முகத்தில் பவுடர். அதற்கு முன்னால் அக்கா பவுடர் போட்டு நான் பார்த்ததே இல்லை. தழும்புக் குழியிலெல்லாம் பவுடர் தேங்கிக் கிடந்தது. பஸ் கிளம்பியதும் ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டார்.

வழியில் இறங்கி வயல் வரப்பில் நடந்தோம். பனி விலகவில்லை. கரை ஏறியதும் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கே மெய் சிலிர்த்தது. தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்கள், ஒவ்வொன்றிலும் இலை தெரியாமல் வெள்ளையாக நாரைகள். கூட்டுக்குள் குஞ்சுகள். ஓரத்தில் சிறகிகள் மிதந்துகொண்டிருந்தன. அத்தனை அலகும் சேர்ந்து எழுப்புகிற ஒரு கடகடச் சத்தம் கண்மாய் முழுக்கப் பரவியிருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சத்தத்தைக் கேளேன்" என்று கிசுகிசுத்தார். "இதை அவரு சொல்லவே இல்லையே!"

அந்தக் கரையில் அக்கா பேசிய கடைசிப் பேச்சு அது.

கரையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். திருப்பத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஊர்க்காரர்கள் சிலர். யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. வேண்டியதைக் கையால் காட்டிக்கொண்டார்கள். ஒரு குழந்தை கைதட்டப் போனதற்கு ஊர்க்காரர் ஒருவர் விரலை உயர்த்தினார், அது கப்பென்று அடங்கிவிட்டது. அப்போது எங்களுக்குப் பின்னால் யாரோ தணிந்த குரலில், "அந்தா, அந்தச் சாஞ்ச மரம். அதுலதான் குஞ்சு அதிகம்" என்றார். அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. நகம் பதிந்துவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். குட்டையான மனிதர். முன் வழுக்கை, பெரிய காது, கழுத்தில் ஒரு பழைய பைனாகுலர். பட்டாளத்திலிருந்து வந்த ஊர்க்காரர் யாரோ கொடுத்ததாம். "அவரா?" என்று கண்ணால் கேட்டேன். அக்கா தலையை மட்டும் அசைத்தார்.

அவரே பக்கத்தில் வந்தார். "எங்கிட்டிருந்து வாரீக? காரைக்குடியா?"

கேட்கும்போதே அவர் முகத்தில் அப்படியொரு ஆவல். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மணிக்கட்டில் நகம் இன்னும் ஆழமாக இறங்கியது. "தேவகோட்டை" என்றேன். என்னைப் பொறுத்தவரை அது பொய்யில்லையே.

"அப்படியா" என்றார், ஆவல் கொஞ்சம் அடங்கி. "காரைக்குடியிலேருந்து ஒருத்தக வாரேன்னாக. அதான் கேட்டேன்." பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "நீங்களும் தேவகோட்டைதானா?" என்றார்.

அக்கா தொண்டையைத் தொட்டுக் காட்டினார். கையை விரித்து, இல்லை என்று ஆட்டினார்.

அவர், "அடடா, பேச்சு வராதா?" என்றார். அந்த நேரம் நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தையில் அந்தப் பெரிய மனிதருக்கு இறங்கிய முகம், இங்கே எப்போது இறங்கும் என்று. இறங்கவில்லை. அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தார். தழும்பைப் பார்க்காமல் தவிர்க்கவும் இல்லை, பார்த்துவிட்டு இரக்கப்படவும் இல்லை. ஒரு முகத்தை எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார். அவ்வளவுதான். அதற்குத்தான் இந்த அக்கா இத்தனை வருஷம் பயந்து செத்தது.

பிறகு அவர் கையால் பேசத் தொடங்கினார். அந்தக் கரையில் பழகிய கை. இரண்டு விரலைச் சேர்த்து நடுவில் சந்து விட்டு நாரையின் அலகைக் காட்டினார். உள்ளங்கையைக் குவித்து நத்தை. கையை வளைத்து அரிவாள்மூக்கன். முழங்கையை மடக்கிக் கழுத்தை உள்ளே இழுத்துத் தூங்கி வழிகிற வக்கா. அக்கா சிரித்துவிட்டார், சத்தமில்லாமல். அவர் பைனாகுலரைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்து, எந்தச் சக்கரத்தைத் திருக வேண்டும் என்று காட்டினார். பிறகு இருவரும் கரைச் சரிவில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் விரல் நீட்டுவார். அக்கா அந்தப் பக்கம் பார்ப்பார். பார்த்துவிட்டு அவர் கையைப் பார்ப்பார். காதால் பார்த்த பறவையையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து முடித்தார். நான் ஒருத்தி அங்கே இருந்தது இரண்டு பேருக்கும் மறந்தேபோயிற்று.

ஆனால் ரோட்டில் ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் அவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். போகிற ஒவ்வொரு தடவையும் நான் அக்காவை இடித்தேன். "பேசுங்கக்கா. இப்ப வந்ததும் பேசிருங்க. அந்த மனுசன் உங்களத்தான் தேடிப் போறாரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அக்கா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வந்து என்னிடம், "வரல" என்பார். பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

மத்தியான பஸ்ஸுக்கு எங்களை வழியனுப்ப ரோடு வரை வந்தார். சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே அவித்த பனங்கிழங்கு. "காரைக்குடிக்காரவுகளுக்குன்னு நானே அவிச்சு எடுத்தாந்தேன். இனி அவுக எங்க வரப்போறாக, நீங்க கொண்டு போங்க" என்று அக்காவின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அடுத்த வாரமும் வாருங்கள் என்று கையைக் காட்டினார். அக்கா இரண்டு கையையும் கூப்பினார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "என்ன வேலைக்கா இது? நெனச்ச மாதிரி இல்லையா? பிடிக்கலையா?"

"நெனச்ச மாதிரி இல்லதான்" என்றார் அக்கா. அரை நாள் பேசாத குரல் கட்டிப்போயிருந்தது. "அதுக்கும் மேல இருந்தாரு."

"அப்பறம் என்ன கேடு? வாயைத் தொறக்க வேண்டியதுதானே?"

"தொறந்தா மொகம் எறங்கும்னு பயந்துதான் கையை ஆட்டிட்டேன். ஆட்டுனதுக்கப்பறம்தான் தெரிஞ்சுது, அவரு அந்த மாதிரி மனுசன் இல்லைன்னு. ஊமைன்னு ஆனப்பறம் நடுவுல எப்படிடி பேசுறது? மனுசன் கையை மடக்கி மடக்கிக் காட்டுறாரு. அப்ப நான் 'ஹலோ திருப்பத்தூர்'னா, கூத்தடிச்சுட்டாளேன்னுதானே நெனைப்பாரு?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, தானாகவே, "நாளைக்குக் காலைல லைன்ல சொல்லிரப்போறேன். சிரிச்சிருவாரு. சிரிக்கிற ஆளுதான்" என்றார். பனங்கிழங்கை உரித்து எனக்கு ஒன்று கொடுத்துத் தானும் தின்றார். காரைக்குடி வரும்வரை சந்தோஷமாகவே வந்தார். நானும் கல்யாணத்துக்கு என்ன சேலை எடுக்கலாம் என்கிற அளவுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை அக்கா இரண்டு தடவை கொப்பளித்தார். நான் என் ஹெட்செட்டை அந்த லைனில் சேர்த்துக்கொண்டேன். சட்டப்படி கூடாது. அன்று சேர்க்காமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா? அக்காவும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

"ஹலோ திருப்பத்தூர்."

"ஏன் வரல, காரைக்குடி? பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு."

"அது வந்து..." என்று அக்கா தொடங்கினார்.

"பரவாயில்ல, லீவு கெடச்சிருக்காது" என்று அவரே முடித்துவிட்டார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்து ஒரு அம்மா வந்திருந்தாக. பேச்சு வராது. அவுகளோட கரையில உக்காந்திருந்தேன். எம்புட்டு நேரம்னு எனக்கே தெரியல. நாம நாளெல்லாம் குரலாக் கேட்டுக் கேட்டுச் சாகுறோமுல்ல? ஒரு குரலும் இல்லாம ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருக்கிறது என்ன ஒரு நிம்மதி, காரைக்குடி! எம் பொண்டாட்டி போனதுக்கப்பறம் அப்படி ஒரு நாளை நான் பாக்கல. அவுக பேச்சு வராதவுகளா இருந்ததே நல்லதுன்னு தோணிப்போச்சு. தப்புத்தான், ஆனா தோணிப்போச்சு."

அக்கா கண்ணைத் திறந்துகொண்டார். போர்டில் ஒரு விளக்கு எரிந்தது. எடுக்கவில்லை.

"தேவகோட்டையாம். பேரைக் கேக்காம விட்டுட்டேன், மடையன். எனக்குத் தேவகோட்டை லைனு உங்க வழியாத்தானே? அங்க சொல்லி விசாரிக்க முடியுமா? மொகத்துல அம்மைத் தழும்பு இருக்கும். நல்ல மொகம். கல்யாணம் காட்சி ஆகாத ஆளாத்தான் தெரிஞ்சுது. மாத்தலுக்கு முன்ன ஒரு தடவை பாத்து..." அதற்கு மேல் அவருக்குச் சொல்ல வரவில்லை. "உங்ககிட்ட கேக்காம யார்கிட்ட கேப்பேன்?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் கையைப் பிசைந்தேன். இன்றைக்கும் அந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? சிரித்திருக்கலாம். கோபித்திருக்கலாம். குரலோடு ஒருத்தி வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்? ஆனால் அக்கா அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் உள்ளே வாங்கிவிட்டார். கேட்பதுதானே அவர் தொழில்.

"விசாரிக்கிறேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்க அக்கா என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் லைனில் திருப்பத்தூர்க்காரர் கேட்பார், "ஏதாச்சும் தெரிஞ்சுதா?" "இன்னும் இல்ல, கேட்டிருக்கேன்" என்பார் அக்கா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரைக்குப் போகலாம் என்று நான் கெஞ்சினேன். "போயி? ஆயுசு பூராவும் ஊமையா இருக்க முடியுமா?" என்று கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வேறொருத்தியின் டூட்டியை வாங்கிக்கொண்டு போர்டில் உட்கார்ந்திருந்தார்.

மாற்றல் ஆர்டர் வந்துவிட்டது என்று அவர் சொன்ன காலையில் நான் பக்கத்திலேயே இருந்தேன். வெளியூருக்கு ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்டு கால் போட்டு, அந்த ஆள் அங்கே கிடைக்கவில்லையென்றால் நாங்கள் சொல்வதற்கென்று ஒரு வாக்கியம் உண்டு. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அக்கா சொல்கிற வாக்கியம்தான்.

"நாளைக்கு நான் கெளம்புறேன், காரைக்குடி. அந்தத் தேவகோட்டை..."

"பார்ட்டி கெடைக்கலைங்க" என்றார் அக்கா. கண்ணை மூடியிருந்தார். "எல்லாப் பக்கமும் கேட்டாச்சு. கேன்சல் பண்ணிரலாமா?"

"பண்ணிருங்க" என்றார் அவர். "உங்களுக்குத்தான் எம்புட்டுத் தொந்தரவு குடுத்துட்டேன். உங்க மொகத்தைப் பாக்காமலே போறேன், அது ஒரு கொறைதான்."

"நல்லபடியாப் போயிட்டு வாங்க, திருப்பத்தூர்."

அவ்வளவு நல்ல குரலில் அக்கா பேசி நான் அதுவரை கேட்டதில்லை. வயரை உருவி வைத்தார். உடனே பக்கத்து விளக்கு எரிந்தது.

"நம்பர் சொல்லுங்க" என்றார்.